பச்சைச் சுவரைச் சுரண்டிய ஒன்பது நாள்

எங்கள் எதிர் வீட்டில் போன மாதம் பெயிண்ட் வேலை ஆரம்பித்தார்கள். நான் வாசலில் மல்லாட்டை உடைத்துக் கடலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே இருந்து கர்ர், கர்ர் என்று சத்தம் வந்தது. காய்ந்த சுவரில், பழைய எனாமல் மேல், இரும்புத் தகடு போகிற சத்தம். இருபத்திரண்டு வருடம் அந்த வேலையில் இருந்தவள், பார்க்காமலே தெரியும். உள்ளே போய் ஜன்னலைச் சாத்தினேன். சாத்தின பிறகும் இருப்புக் கொள்ளவில்லை. செருப்புகூடப் போடாமல் தெருவைத் தாண்டி ஓடினேன்.

“நிறுத்துங்கம்மா! உள்ள சின்னப் புள்ளைங்க யாராவது இருக்குதா?”

ஸ்டூல் மேல் நின்றிருந்த பெண் பயந்துபோய்க் கீழே இறங்கிவிட்டாள். வீட்டுக்காரப் பெண் சமையலறையிலிருந்து வந்தாள். “இன்னாக்கா ஆச்சு? பெயிண்ட் தானே சொரண்டறாங்க. அதுக்கு ஏன் இப்படிப் பதர்றீங்க?”

நின்ற இடத்தில் அவளுக்கு என்னால் சொல்ல முடியவில்லை. “தண்ணி அடிச்சி சொரண்டச் சொல்லுங்க, மொதல்ல கரெண்டு மெயினை நிறுத்திடுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். நான் எட்டாவது வரை படித்தவள். எழுத்து கோணலாக இருந்தாலும் படித்துவிடலாம்.

என் பேர் அஞ்சலை. ஊர் திண்டிவனம். தொண்ணூற்று மூன்றில் என் வீட்டுக்காரர் விழுப்புரத்தில் அரிசி மில்லில் மூட்டை தூக்கும்போது இடுப்பில் அடிபட்டுப் படுத்துவிட்டார். அந்த மாதமே நான் கோதண்டம் மேஸ்திரியின் ஆட்களோடு சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் தண்ணீர் தூக்கினேன், சாரம் கட்டக் கயிறு எடுத்துக் கொடுத்தேன், சுவரில் ஓட்டை அடைக்கப் பட்டி கலக்கினேன். அப்புறம் தகட்டைக் கையில் கொடுத்து “சொரண்டு” என்றார்கள். பெயிண்ட் அடிக்கிற வேலை ஆண்களுக்கு. பழைய பெயிண்டைச் சுரண்டுகிற வேலை பொம்பளைகளுக்கு. தூசி தின்கிற வேலைக்கு வேறு யாரும் வரமாட்டார்கள்.

கோதண்டம் மேஸ்திரி குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. மெதுவாகப் பேசுவார், அதனாலேயே பயமாக இருக்கும். புது வீட்டுக்குள் நுழைந்ததும் யாரிடமும் பேசாமல் நான்கு சுவரையும் உள்ளங்கையால் தட்டிக்கொண்டே ஒரு சுற்று வருவார். தொம் என்று கேட்டால் பூச்சு விட்டுப்போயிருக்கிறது, அங்கே சாக்பீஸால் வட்டம் போடுவார். அடுத்து விரலை எச்சில் தொட்டுச் சுவரில் தேய்ப்பார். விரல் வெள்ளையானால் சுண்ணாம்பு. பால் மாதிரி வழிந்தால் டிஸ்டம்பர். ஒன்றும் வராமல் வழுக்கினால் எனாமல். எனாமல் என்றால் பேனாக்கத்தியால் ஒரு சில்லைப் பெயர்த்து நாக்கில் வைப்பார். கண்ணை மூடிக்கொண்டு சப்புவார்.

“இனிக்குது. பழைய சரக்கு. லேசுல வராது, தகட்ட நல்லாத் தீட்டிக்கோங்க” என்பார்.

அவரைப் பார்த்து நானும் நாக்கில் வைத்துப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். இனிக்கத்தான் செய்தது. எத்தனை வீட்டில், எத்தனை சுவரில் அப்படி வைத்திருப்பேன் என்று இப்போது கணக்குச் சொல்ல முடியாது.

அவரிடம் இரண்டு கட்டளை இருந்தது. ஒன்று, வீட்டுக்காரர்களிடம் வேலை ஆட்கள் வாய் திறக்கக் கூடாது. எதுவாக இருந்தாலும் அவர்தான் பேசுவார். இன்னொன்று, உள் சுவரில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது. இந்த இரண்டாவது கட்டளை வந்ததற்குக் காரணம் பச்சையம்மா.

பச்சையம்மா என்னோடு சுரண்டியவள். விழுப்புரத்தில் ஜங்ஷனுக்குப் பின்னால் ஒரு பழைய வீடு. அப்போதெல்லாம் தூசி அடங்க சுவரை நனைத்துவிட்டுத்தான் சுரண்டுவோம். அவள் ஸ்விட்ச் போர்டுக்கு மேலே ஈரச் சுவரில் தகட்டை வைத்து ஒரு இழுப்பு இழுத்தாள். அந்த இடத்தில் ஒயரைப் பூச்சுக்கு உள்ளேயே வைத்துப் பூசியிருந்தார்கள். ஒரு சத்தம்கூட வரவில்லை. தகடு சுவரில் ஒட்டிக்கொண்டது, அவள் கை தகட்டில் ஒட்டிக்கொண்டது. உடம்பு மட்டும் ஆடியது. நான் இரண்டடி தூரத்தில் நின்றேன், கால் நகரவில்லை. மேஸ்திரிதான் மர ஸ்டூலைத் தூக்கி அவள் தோளில் அடித்துத் தள்ளிவிட்டார். பிழைத்துக்கொண்டாள். ஆனால் வலது கையில் மூன்று விரல் மடங்கவே இல்லை. அதற்குப் பிறகு வேலைக்கும் வரவில்லை.

அன்று சாயங்காலம் மேஸ்திரி எங்கள் எல்லோரையும் உட்கார வைத்தார். “இனிமே உள்ள தண்ணி வேணாம். தூசி வந்தா வரட்டும். மூஞ்சியில துணி கட்டிக்கோங்க. தூசியில யாரும் சாவல” என்றார்.

நாங்கள் ஒத்துக்கொண்டோம். அதற்குப் பிறகு ஈரச் சுவரைக் கண்டால் நானும் தள்ளியே நின்றேன். ஆறு ஏழு வருடம் காய்ந்த சுவராகவே சுரண்டினோம். வேலை முடிந்து வெளியே வந்தால் புருவம், இமை, தலைமயிர் எல்லாம் வீட்டுக்கு ஒரு கலராக இருக்கும். அந்தப் புடவையோடுதான் வீட்டுக்குப் போவேன். என் மகள் செல்வி வாசலிலேயே ஓடிவந்து இடுப்பில் ஏறிக்கொள்வாள். அவள் பிறந்தது தொண்ணூற்று ஐந்தில். மூன்று மாதத்தில் நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். அந்த முந்தானையை விலக்கித்தான் பால் கொடுத்தேன்.

இரண்டாயிரத்து நான்கில் திண்டிவனத்திலேயே ஒரு வீடு வந்தது. சுந்தர் என்று ஒரு ஸ்கூல் வாத்தியார், அவர் மனைவி மாலதி, இரண்டரை வயதில் பவித்ரா என்று ஒரு பெண் குழந்தை. பழைய வீட்டை வாங்கிக் குடிவந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. மூன்று அறையிலும் நெஞ்சு உயரத்துக்குப் பச்சை எனாமல். மேஸ்திரி ஒரு சில் பெயர்த்துக் காட்டினார். பச்சைக்குக் கீழே மஞ்சள், அதற்குக் கீழே செங்கல் நிறம், அதற்கும் கீழே இன்னொரு பச்சை. நாக்கில் வைத்தார், இனித்தது.

வீட்டைக் காலி செய்யாமலே வேலை நடந்தது. நாங்கள் ஒரு அறையைச் சுரண்டும்போது அவர்கள் அடுத்த அறையில் இருப்பார்கள். கதவு திறந்தே கிடக்கும். மாலதி அம்மா ஒரு நாளைக்கு நாலு தடவை பெருக்குவார். பெருக்கப் பெருக்கத் தூசி எழும்பி வேறு இடத்தில் போய் உட்காரும்.

மூன்றாவது நாள் காலையில் நான் திரும்பிப் பார்த்தபோது பவித்ரா வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். பிளாஸ்டிக் தட்டில் பச்சைச் சில்லுகளைக் குவித்து வைத்துச் சோறு ஆக்கி விளையாடிக்கொண்டிருந்தாள். ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். மிட்டாய் மாதிரி கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

நான் போய் வாயில் விரல் விட்டு எடுத்தேன். என் முந்தானையால் அவள் வாயைத் துடைத்துவிட்டேன். எந்த முந்தானையால் துடைத்தேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

டீ நேரத்தில் மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் டீ கிளாஸை இடது கையில் பிடித்திருந்தார். வலது மணிக்கட்டு கொஞ்ச நாளாகவே தொங்கிப்போயிருந்தது. வாயு என்று சொல்லித் துண்டைச் சுற்றி மறைத்துக்கொள்வார். வயிற்று வலிக்கு எப்போதும் சோடா குடிப்பார்.

“மேஸ்திரி, அந்தக் கொழந்த பெயிண்ட்ட தின்னுகினு இருக்குது.”

“கொழந்தைங்க மண்ணுகூடத்தான் தின்னுது.”

“அந்த அம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லிடட்டுமா?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “நீ சொன்னா அவங்க பயப்படுவாங்க. பயந்தா வேலய நிறுத்துவாங்க. நாம பாதிச் சுவத்தோட நிக்கணும். கொழந்தையத் தள்ளி உக்கார வெச்சிட்டு உன் வேலயப் பாரு.”

நான் என் வேலையைப் பார்த்தேன். நான்காவது நாளும் அவள் தின்றதைப் பார்த்தேன். ஐந்தாவது நாளும் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் வாயைத் துடைத்துத் தள்ளி உட்கார வைத்தேன். மாலதி அம்மா பக்கத்து அறையில்தான் இருந்தார். ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும்.

ஆறாவது நாள் குழந்தை சாப்பிடவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு அழுதாள். வாந்தி எடுத்தாள். தெருவில் இருந்த கிளினிக்கில் பூச்சி மருந்து கொடுத்தார்கள். யாரோ மாந்தம் என்றார்கள், போய் மந்திரித்துக்கொண்டு வந்தார்கள். எட்டாவது நாள் அவள் முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தது. நான் சுரண்டிக்கொண்டிருந்தேன், கை மட்டும்தான் சுவரில் இருந்தது.

ஒன்பதாவது நாள் காலை பதினோரு மணி இருக்கும். மாலதி அம்மா கத்தினார். ஓடிப்போய்ப் பார்த்தால் குழந்தைக்கு வலிப்பு. கண் மேலே செருகியிருந்தது. ஒரு வேனைப் பிடித்து நேராகப் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நாங்கள் ஆளில்லாத வீட்டில் தகட்டைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

“நாளைக்கு எல்லாரும் விழுப்புரம் வந்துடுங்க. அங்க ஒரு வீடு இருக்குது” என்றார் மேஸ்திரி.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டில் விழுப்புரம் பஸ் நின்றுகொண்டிருந்தது. படியில் ஒரு கால் வைத்துவிட்டேன். என் பையில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. முந்தின நாள் அந்த வீட்டை விட்டு வரும்போது அவள் தட்டிலிருந்த சில்லுகளை ஏன் எடுத்து மடித்தேன் என்று எனக்கே தெரியாது. காலை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏறினேன்.

அந்த ஒன்றரை மணி நேரம் நான் பட்ட பயத்தை அதற்கு முன் பட்டதில்லை. போலீஸைக் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். அடிப்பார்கள் என்று நினைத்தேன். குழந்தை செத்துப்போயிருந்தால் என்று ஒரு நினைப்பு வரும். உடனே எழுந்து இறங்கிவிடலாம் போலிருக்கும். கிளியனூரில் ஒரு தடவை எழுந்தே விட்டேன். கண்டக்டர் “இன்னாம்மா, பாண்டிக்குத் தானே டிக்கெட் வாங்கின, குந்து” என்றார். உட்கார்ந்தேன்.

குழந்தைகள் வார்டில் சுந்தர் சார் என்னைப் பார்த்ததும் ஆள் அடையாளம் தெரியாமல் விழித்தார். தூசி இல்லாத என் முகத்தை அவர் பார்த்ததே இல்லை. பக்கத்தில் சின்ன வயது டாக்டரம்மா ஒருத்தர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கறுப்புப் படத்தில், குழந்தையின் வயிற்றுக்குள், உப்புக்கல் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளிகள்.

“இது சாப்பாடு இல்ல. எதையோ முழுங்கியிருக்கா. என்னன்னு யோசிச்சுச் சொல்லுங்க” என்றார் டாக்டர்.

“அப்படி ஒண்ணும் சாப்பிடலையே டாக்டர்” என்று மாலதி அம்மா அழுதார்.

நான் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினேன். “இதத்தான் தின்னுச்சும்மா. நான் பாத்தேன்.”

டாக்டர் ஒரு சில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எனாமலா? எவ்வளவு பழசு? எப்படிச் சொரண்டினீங்க, தண்ணி போட்டா, காய வெச்சா?” நான் சொல்லச் சொல்ல வேகமாக எழுதிக்கொண்டார். “இதுல ஈயம் இருக்கும்” என்றார்.

“ரசம் வெக்கிற ஈயச் சொம்பு மாதிரியாம்மா?”

“அது வெள்ளீயம், வேற. இது காரீயம். விஷம்.”

மாலதி அம்மா என் முன்னால் வந்து நின்றார். “எத்தன நாளா பார்த்த?”

“மூணு நாளா பாத்தேம்மா.”

“மூணு நாள் பார்த்துட்டு ஏன் எங்கிட்ட சொல்லல?”

அவர் என்னை அறைந்தார். வலிக்கவில்லை. இன்னொன்று அடிப்பார் என்று நின்றேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார்.

டாக்டர்தான் என்னை வெளியே அழைத்துப்போனார். “ஒன்பது நாள்ல மட்டும் இவ்வளவு ஏறாது. ஆறு மாசமா பெயர்ந்த சுவத்தப் பிச்சுத் தின்னிருப்பா. உங்க தூசி அத முத்த வெச்சிருச்சு. நீங்க கொண்டு வரலன்னா நாங்க மூளைக் காய்ச்சல்னு இன்னும் ரெண்டு நாள் வைத்தியம் பார்த்திருப்போம்” என்றார். பிறகு, “அதக் கொழந்தை ஏன் விரும்பித் தின்னுச்சு தெரியுமா?” என்று கேட்டார்.

“இனிக்கும்மா. நாங்களே நாக்குல வெச்சிப் பாப்போம்.”

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். என் இரண்டு கையையும் நீட்டச் சொன்னார். மணிக்கட்டைத் தூக்கச் சொன்னார். வயிறு வலிக்குமா என்று கேட்டார். கரு கலைந்திருக்கிறதா என்று கேட்டார். செல்விக்குப் பிறகு இரண்டு தடவை கலைந்தது என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

“வீட்ல கொழந்தைங்க இருக்கா?”

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். செல்வி அப்போது நான்காவது படித்தாள். எழுத்துக் கூட்டத் தெரியாது. வாத்தியார்கள் மக்கு என்று கடைசி பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள்.

அவளை அழைத்துப்போய் ரத்தம் கொடுத்தோம். வெளியூருக்கு அனுப்பி முடிவை வரவழைத்தார்கள். ஈயம் இருந்தது, இருக்க வேண்டியதைவிட அதிகமாக. “படிப்பு வராதது இதனாலதான்னு என்னால சொல்ல முடியாது. இல்லன்னும் சொல்ல முடியாது” என்றார் டாக்டரம்மா. “வேலை முடிஞ்சதும் குளிச்சிட்டு, அந்தப் புடவைய அங்கேயே அலசிட்டு வீட்டுக்குப் போங்க. கால்சியம் எலும்புல போய் ஒக்கார்ற மாதிரி இதுவும் போய் ஒக்காரும். அவ பெரியவளாகி முழுகாம இருக்கறப்போ எலும்புலேர்ந்து திரும்ப எறங்கும். அப்போ மறக்காம ரத்தம் பாருங்க.”

பவித்ராவுக்கு ஊசி மேல் ஊசி போட்டார்கள். மூன்றாவது வாரம் எழுந்து உட்கார்ந்தாள். ஆனால் அந்த வீட்டுத் தூசி முழுக்கப் போகிற வரை அவளைத் திரும்ப அனுப்ப மாட்டேன் என்றார் டாக்டர். சுந்தர் சார் பெயிண்டர்கள் இரண்டு மூன்று பேரைக் கேட்டார். விஷம் என்று தெரிந்ததும் ஒருத்தரும் வரவில்லை. நான் போய் நின்றேன். மாலதி அம்மா என் முகத்தைப் பார்க்காமல் சாவியைக் கொடுத்தார்.

வாசல் மெயினை நிறுத்தினேன். நிறுத்தியும் நம்பிக்கை வராமல் ஒவ்வொரு ஸ்விட்சாகப் போட்டுப் பார்த்தேன். கதவுக்கு பாலிதீன் கட்டினேன். ஸ்பாஞ்சில் தண்ணீர் தொட்டு ஒரு முழம் சுவரை நனைத்தேன். தகட்டை எடுத்தேன், கை மேலே போகவில்லை. பச்சையம்மாவின் கைதான் கண்ணில் நின்றது. தகட்டின் பிடியில் சைக்கிள் ட்யூபைச் சுற்றிக் கட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு முதல் இழுப்பு இழுத்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஈரமாக உரிந்து வந்ததைப் பையில் போட்டேன். சுரண்டின இடத்தைச் சோப்புத் தண்ணீரால் துடைத்தேன். விளக்குமாற்றைத் தொடவே இல்லை. அப்படி முழம் முழமாகப் போனேன்.

மூன்றாவது நாள் வாசலில் நிழல் தட்டியது. கோதண்டம் மேஸ்திரி நின்றிருந்தார்.

“மெயின நிறுத்தினியா அஞ்சல?”

“நிறுத்திட்டேன் மேஸ்திரி.”

“ரெண்டு தடவ பாத்தியா?”

“பாத்தேன்.”

அவர் உள்ளே வந்தார். துண்டை அவிழ்த்து வைத்தார். வலது கை மணிக்கட்டிலிருந்து செத்த மாதிரி தொங்கியது. இடது கையால் துணியை நனைத்துத் தரையைத் துடைக்க ஆரம்பித்தார். “பச்சையம்மா கையப் பாத்ததுலேர்ந்து எனக்குக் கரெண்டு ஒண்ணுதான் பயம். வேற பயமே இல்லாம போச்சு எனக்கு” என்றார். சாயங்காலம் வரை துடைத்தார். அடுத்த வாரம் நானே அவரை அந்த டாக்டரிடம் அழைத்துப் போனேன். வயிற்று வலி நின்றது. கை திரும்பவில்லை.

வேலை முடிந்ததும் மாலதி அம்மா ஒரு வெள்ளைத் துணியோடு வந்தார். ஜன்னல் கட்டையைத் துடைத்தார். துணியில் லேசாகப் பச்சை. என்னிடம் காட்டினார். முழு வீட்டையும் திரும்பத் துடைத்தேன். மறுநாளும் வந்தார். கதவு இடுக்கில் தேய்த்தார், பச்சை. மூன்றாவது தடவை துணி வெள்ளையாகவே இருந்தது. வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதார். பவித்ரா இப்போது காலேஜ் படிக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். மாலதி அம்மா அதற்குப் பிறகு என்னிடம் பேசியதில்லை.

நான் ஈரச் சுவராகவே இன்னும் பதினோரு வருடம் சுரண்டினேன். செல்வி எட்டாவதோடு நின்று தையல் கற்றுக்கொண்டாள். இருபதாவது வயதில் முழுகாமல் இருந்தாள். விழுப்புரத்தில் ஒரு லேபில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். சும்மா ஒரு டெஸ்ட் என்று மட்டும் அவளிடம் சொன்னேன். மெட்ராஸுக்கு அனுப்பி ஐந்து நாளில் வரும் என்றார்கள். அந்த ஐந்து நாளும் நான் சோற்றைப் பிசைந்து பிசைந்து அப்படியே வைத்தேன்.

ஆறாவது நாள் லேப் பெண் காகிதத்தைப் பார்த்து “பயப்படற மாதிரி ஒண்ணும் இல்லம்மா, கொறச்சலாத்தான் இருக்குது” என்றாள். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

திண்டிவனம் திரும்புகிற பஸ்ஸில் செல்வி கேட்டாள். “சும்மா டெஸ்டுன்னு சொன்ன. அப்புறம் ஏம்மா அழுவுற?”

அப்போதுதான் சொன்னேன். புடவையை, பாலை, நான்காவது படிக்கும்போது எடுத்த ரத்தத்தை, எல்லாவற்றையும். விக்கிரவாண்டி தாண்டுகிற வரை சொன்னேன்.

“அதனாலதான் எனக்குப் படிப்பு வரலியாம்மா?”

“தெரியலடி. டாக்டருக்கே தெரியல.”

அவள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் கழித்துத் திரும்பினாள். “யாரோ பெத்த கொழந்தைக்கு ஒன்பது நாள்ல போய்ச் சொல்லிட்ட. எனக்குச் சொல்ல பதினோரு வருஷமா?”

பச்சையம்மாவைக் கரண்ட் பிடித்தபோது நின்ற மாதிரியே நான் உட்கார்ந்திருந்தேன். பயந்தேன் என்றுகூடச் சொல்ல வாய் வரவில்லை.

திண்டிவனம் வந்து பஸ் நின்றது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முதலில் இறங்கினாள். திரும்பிப் பார்க்காமல் போய்விடுவாள் என்று நினைத்துப் படியிலேயே நின்றுவிட்டேன். பின்னால் இருந்தவர்கள் “இறங்கும்மா, ஜல்தி” என்று கத்தினார்கள். செல்வி திரும்பி வந்து கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டு இறங்கினேன். வீடு போய்ச் சேரும் வரை அவளும் பேசவில்லை, கையையும் விடவில்லை.